புளி போட்டு விளக்கிய அம்மன்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வாசல் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைப்பை. அதன் வாய் வரை அப்பளக் கட்டுகள் அடுக்கியிருந்தன. பைக்குப் பின்னால் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், நின்றுகொண்டிருந்தார்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல்லைக்கு வருகிறவர்கள் அப்பளம் கொண்டுவருவது வழக்கம்தான். இரண்டு கட்டு, மிஞ்சினால் மூன்று. இவர் ஒரு கடைக்குச் சரக்கு போடுகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வாங்கிவைக்கக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவரே தூக்கினார். தூக்கும்போது அவருடைய இடது தோள் இறங்கியது. அப்பளத்துக்கு அந்தக் கனம் கிடையாது.

கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலையும் சாத்தச் சொன்னார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அவர் குரலை உயர்த்தியதாக நான் கேட்டதில்லை. அன்று அவர் குரல் அதைவிடவும் தணிந்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் அப்பளக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேலே இருந்தவை முழுசாக இருந்தன. கீழே போகப்போக நொறுங்கியிருந்தன. அடியில் ஒரு ஈரிழைத் துண்டுச் சுருட்டல். அதன் மடிப்புக்கு வெளியே உலோகத்தாலான ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. பூத்தண்டு பிடிப்பதற்காக விரல்களை மடக்கிய கை.

துண்டைப் பிரித்தார். ஓரடி உயரம் இருக்கும், நிற்கிற அம்மன். கடையில் புதிதாக வாங்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"மச்சான், இது பழசா புதுசான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "புதுசுன்னு சொல்லிருங்க" என்றார்.

நான் ஒரு நாளிதழில் நெடுங்காலம் மாவட்டச் செய்தி எழுதியவன். சிலைச் செய்திகளுக்கு எங்களிடம் இரண்டு தலைப்புகள்தான் இருந்தன. குளத்தில் வண்டல் அள்ளும்போதோ வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டும்போதோ கிடைத்து, கிடைத்தவரே போய்ச் சொன்னால் 'சிலை கண்டெடுப்பு'. போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனால் 'சிலை பறிமுதல்'. முதல் வகைச் செய்தியில் சிலைக்கு மாலை போட்டு, சுற்றிலும் ஊர்க்காரர்கள் நிற்கிற படம் வரும். இரண்டாம் வகையில் ஒருவருடைய பெயர், வயது, தகப்பனார் பெயர், தெருப்பெயர் வரும். அவர் அரசு ஊழியராக இருந்தால் அந்தச் செய்தி முதல் பக்கத்துக்குப் போகும். நாற்பத்தெட்டு மணி நேரம் காவலில் இருந்தால் அரசு ஊழியர் தானாகவே பணியிடைநீக்கம் ஆவார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முந்தின நாள் காலை நாளிதழில் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டாம் வகைச் செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

நடந்ததை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அவர் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய அக்ரஹாரத்து வீட்டை வாங்கியிருந்தார். விற்றவர்கள் மும்பையில் இருக்கிறார்கள். போன ஐப்பசியில், பின்கட்டில் கழிவறைக் குழாய் பதிக்கத் தரையைத் தோண்டினார்கள். கொத்தனாரின் கடப்பாரை ஒரு கல்பலகையில் இடித்தது. பலகைக்கு அடியில் ஒரு பெரிய மண்தாழி. தாழி நிறைய ஆற்றுமணல். மணலுக்குள் மல்லாந்த வாக்கில் இது. கறுப்பும் பச்சையுமாக, ஆளைத் தெரியாமல் இருந்ததாம். கொத்தனாரை அன்றைக்குச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாளைக்கு யோசிக்கலாம் என்று இவர் நினைத்தார்.

அந்த 'நாளை' வருவதற்குள் என் தங்கை அதை விளக்கிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பரணிலிருந்து ஒரு செப்புப் பானை இறங்கினால் முதல் வேலை புளி ஊறவைப்பதுதான். கறுத்துப்போன எதையும் வீட்டுக்குள் அப்படியே வைக்கமாட்டார்கள், சாமியை நிச்சயம் வைக்கமாட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, முதல் நாள் களிம்பு போகாததால் மறுநாளும் தேய்த்து, மூன்றாம் நாள் பூசை அலமாரியில் ஏற்றி மஞ்சள் பட்டு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் புளி. தை பிறப்பதற்குள் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. அதற்குமேல் யாரிடமும் சொல்கிற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அப்படியே ஒன்பது மாதம் போய்விட்டது.

"கொத்தனார் இப்ப எதுத்த வீட்டுல வேல பாக்குதான்" என்றார். "தெனமும் என்னயப் பாத்துச் சிரிக்கான். அவன் சும்மாத்தான் சிரிக்கானோ என்னமோ."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உருப்பெருக்கியை எடுத்துவந்தேன். இந்த மாதிரிச் சிலைகளுக்குப் பக்கத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வல்லுநர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். காதணி, இடைக்கச்சை, மகுடம், காலம் எல்லாம் எழுதத் தெரியும். பார்க்கத் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

மேல்பரப்பில் பச்சையே இல்லை. உடம்பு முழுக்க நாரின் மெல்லிய கீறல்கள். மூக்கு மழுங்கியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடுகள் மட்டும்தான் இருந்தன. விழி இல்லை, இமைக்கோடு இல்லை.

அவரும் அதைப் பார்த்திருந்தார். அவருடைய நம்பிக்கை முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது. வார்ப்பு முடிந்து, மெருகேற்றி, எல்லா வேலையும் ஆன பிறகு கடைசியாகத்தான் ஸ்தபதி உளியால் கண்ணைத் திறப்பார். கண் திறக்காதது சாமி இல்லை. "கண்ணு தெறக்கலன்னா கோயிலுக்கே போகலன்னுதான அர்த்தம்? பட்டறையில பாதியில நின்ன உருப்படி. எவனோ சும்மா வாங்கி வச்சிருக்கான்" என்றார். கணக்கில் ஒரு வழியைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுவது போல மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

கேட்பதற்குச் சரியாக இருந்தது. நானும் சற்றுநேரம் அதை நம்பினேன். பிறகு சிலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். முதுகில் தொங்கிய சரத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. கால் பக்கத்துக் கொசுவத்தின் மடிப்பு கூர்மையாக இருந்தது. முகம், மார்பு, முழங்கால் ஆகிய இடங்கள் மட்டும் சோப்புக்கட்டி மாதிரி வழவழத்திருந்தன. புளிக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. ஒன்பது மாதத்தில் இப்படித் தேயவும் தேயாது. முன்பக்கம் மட்டும் தேய வேண்டுமென்றால், யாரோ முன்னால் நின்று பாலும் சந்தனமும் மஞ்சளும் வழியவிட்டுக் கையால் தடவியிருக்க வேண்டும். நெடுங்காலம், தினமும்.

அதை நான் அப்போது அவரிடம் சொல்லவில்லை. உருப்பெருக்கியை மேசையில் வைத்துவிட்டேன்.

நெல்லை டவுனில் அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பழக்கமான ஒரு பாத்திரக்கடை இருந்தது. அந்த அண்ணாச்சி உலோகம் பார்த்துப் பழகியவர், அவரிடம் காட்டிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. வீட்டில் வைத்துக்கொண்டு மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று எனக்கும் பட்டது. தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்று விடுப்புச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட யாரும் காய்ச்சல் என்றுதான் நம்புவார்கள். பையில் சிலையை வைத்து, மேலே பழையபடி அப்பளத்தை அடுக்கி, ஆட்டோ பிடித்தோம்.

ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஏதோ விழாவுக்கு முக்கியஸ்தர் வருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் காக்கிச் சட்டையும், ஆட்டோவுக்குள் குனிந்த ஒரு முகமும்தான். இளம் போலீஸ்காரர். பையைத் திறந்து காட்டச் சொன்னார். மாப்பிள்ளை பையைத் திறக்கவில்லை, அது திறந்துதான் இருந்தது. போலீஸ்காரர் அப்பளக் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"கல்லிடக்குறிச்சியா?"

மாப்பிள்ளை தலையாட்டினார். வாய் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னார். போலீஸ்காரர் இரண்டாவது கட்டை எடுத்தார். அது பையின் ஓரத்தில் சற்று ஆழத்தில் இருந்த கட்டு. காதருகே வைத்துக் குலுக்கினார்.

"என்ன சார், பூரா நொறுங்கியில்லா கெடக்கு. மேல என்னத்தத் தூக்கி வச்சீய?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எடுத்து வைத்துக்கொள்ளும்படி நான் ஒரு முழுக் கட்டை நீட்டினேன். வேண்டாம், டியூட்டியில் வாங்கக் கூடாது என்று சொல்லி, நொறுங்கிய கட்டைப் பக்குவமாக அது இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் விரல் நுனிக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு அப்பளக் கட்டு இருந்தது. போகலாம் என்று கையைக் காட்டினார்.

பாலம் முடியும்வரை மாப்பிள்ளை பையின் வாயைக் கையால் மூடியபடியே இருந்தார்.

பாத்திரக்கடை அண்ணாச்சி பெரிய உடம்புக்காரர். கடையின் பின்னறையில் குண்டான்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் துண்டைப் பிரித்தோம். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொந்தக்காரர் வீட்டில் என்றேன். சிலையைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். சுண்டிவிட்டு ஓசை கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார்.

"பழசா? யாருவே சொன்னது? பழசுன்னா களிம்பு ஏறிப் பாசி பிடிச்ச மாதிரில்லா இருக்கும். இது நேத்துப் பட்டறையிலருந்து வந்த மாதிரி மினுங்குது. கண்ணுகூடத் தெறக்கல பாரும். சவத்தத் தூக்கி ஆத்துல போட்டுட்டு வேலயப் பாரும்."

சொல்லி முடித்த கையோடு, எதைச் சவம் என்றோம் என்பது உறைத்து, சிலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கடைப்பையன் கொண்டுவந்த காபியை மாப்பிள்ளை இரண்டு மடக்கில் குடித்தார். அன்று காலையிலிருந்து அவர் வாயில் எதுவும் படவில்லை. முகத்தில் இரத்தம் திரும்புவதைப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரச் சீர்வரிசை இங்கேதான் எடுப்பேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னார்.

அண்ணாச்சி சிலையைத் திருப்பித் தரும்போது தலைகீழாகப் பிடித்து நீட்டினார். அப்போதுதான் பீடத்தின் அடிப்பக்கம் எனக்குத் தெரிந்தது. உள்ளே குழிவாக இருந்தது, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு. தங்கையின் கை அங்கே எட்டியிருக்கவில்லை. குழி முழுக்கப் பச்சை படிந்திருந்தது. வாங்கிக்கொள்கிற சாக்கில் விரலை உள்ளே விட்டு நகத்தால் சுரண்டினேன். பொடி உதிரவில்லை. நகம்தான் மடங்கியது. அந்தப் பச்சை உலோகத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

கடைக்கு வெளியே வந்து, தேர் நிற்கிற பக்கமாக ஒதுங்கி, முன்பக்கத் தேய்மானத்தையும் அடிக்குழியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். முகத்துக்குத் திரும்பியிருந்த இரத்தம் மறுபடியும் இறங்கியது. கடைசியில், "அப்பம் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். தேய்ந்து போயிருக்கலாம் என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் கொக்கிரகுளம் படித்துறைப் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். படியில் ஏழெட்டுப் பேர் துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தார்கள். யாரோ தண்ணீரில் விட்ட, கண்ணாடி உடைந்த சாமிப் படம் ஒன்று கரையோரம் செருகியிருந்தது. இந்தப் பக்கத்தில் உடைந்த படத்தையும் பின்னமான சிலையையும் ஆற்றில் விடுவதை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் கலெக்டர் அலுவலகக் கட்டடம் தெரிந்தது.

அவர் நினைத்தது எனக்கு விளங்கியது. தலைப்பே மாறிவிடும். ஆற்றில் போட்டுவிட்டால், என்றைக்காவது தண்ணீர் வற்றும்போது யாராவது எடுப்பார்கள். 'தாமிரபரணியில் சிலை கண்டெடுப்பு.' அந்தச் செய்தியில் ஒரு மனிதனின் பெயரும் இருக்காது. அப்படிப்பட்ட செய்திகளில் சிலை எப்படி ஆற்றுக்கு வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் கொத்தனார் இருந்தார். இப்போது பாத்திரக்கடை அண்ணாச்சியும் இருந்தார். குலுக்கிப் பார்த்த போலீஸ்காரருக்குக்கூட நொறுங்கிய அப்பளம் நினைவிருக்கலாம். ஆற்றில் போட்ட பிறகு அவர்களில் ஒருவர் வாய் திறந்தால், இவர் வைத்திருந்தவராக இல்லாமல் தடயத்தை ஒழித்தவராகிவிடுவார். அதைச் சொன்னேன்.

அவர் கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றார். செருப்பு நனைந்தது. பையின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்போது போன் அடித்தது. எடுக்கக் கை ஒழியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து நான்தான் எடுத்தேன். தங்கை.

"எண்ணே, அவிய எங்க? இன்னைக்கு வெள்ளிக்கெழம. புளி ஊற வச்சிட்டேன். அம்மனை உச்சிக்குள்ள கொண்டாந்திருவாவளா?"

பக்கத்தில் நின்றதால் அவருக்கும் கேட்டது. போனை வாங்காமலே என்னைப் பார்த்தார். "பையப் பைய வருவோம்னு சொல்லுங்க" என்றார். பிறகு ஒரு படி மேலே ஏறினார்.

"இனியும் இப்பிடியே இருந்தா எனக்குக் கோட்டி பிடிச்சிரும் மச்சான், தல கழண்டுரும். எங்க சொல்லணுமோ அங்க சொல்லிருவோம்."

சிலை எந்த மண்ணில் கிடைத்ததோ அந்த வட்டத்துத் தாசில்தாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினோம். பையை அவர் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். சேரன்மகாதேவி தாண்டியதும், எப்போது கிடைத்தது என்று கேட்டால் நேற்று என்று சொல்லிவிடவா என்று கேட்டார். நேற்றுக் கிடைத்தது, இன்று கொண்டுவந்தேன். முதல் வகைச் செய்தி. மாலை போட்ட படம். கொத்தனாரிடம் பேசிக்கொள்ளலாம்.

நான் துண்டை விலக்கி, சிலையின் தோள்பட்டையை மட்டும் காட்டினேன். ஜன்னல் வெயிலில் அது கண்ணைக் கூசச்செய்தது.

"மாப்ளே, நேத்து மண்ணுக்குள்ள இருந்தது இப்படியா மின்னும்?"

காலையில் அவரைக் காப்பாற்றும் என்று நாங்கள் நம்பிய அதே பளபளப்பு அது. பழையது இல்லை என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி. இப்போது, ஒன்பது மாதம் வைத்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் மனைவி பக்தியோடு தேய்த்துத் தேய்த்து எழுதிய சாட்சி. அவர் துண்டை இழுத்து மூடினார். வீரவநல்லூரில் ஒரு அம்மாள் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளம் என்ன விலை என்று கேட்டார். விற்க இல்லை என்றேன்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் அதிகமில்லை. தாசில்தார் நடுத்தர வயதுப் பெண்மணி. நான் முன்னாள் பத்திரிகைக்காரன் என்று சொன்னதும் நாற்காலியைக் காட்டினார். பையிலிருந்து அப்பளக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவர் மேசையில் ஏறியபோது அவருடைய புருவம் சுருங்கியது. சிலை வெளியே வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

இடம், வீடு, தோண்டிய காரணம் எல்லாம் கேட்டார். மாப்பிள்ளை சரியாகச் சொன்னார். பிறகு தாசில்தார், "எப்பம் கெடச்சது சார்?" என்றார்.

மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறார் என்று அந்த நொடிவரை எனக்குத் தெரியாது. அவர் ஒரு அப்பளக் கட்டை மேசை விளிம்போடு சமமாக நகர்த்தி வைத்தார்.

"போன ஐப்பசி" என்றார். "உடனே சொல்லியிருக்கணும். வீட்டுல புளி போட்டு வெளக்கிட்டா. அதுக்குப் பொறவு சொல்லப் பயமாயிட்டு."

தாசில்தார் சிலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போய்ப் பேசினார். கதவு சாத்தப்பட்டது. எங்களைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். ஒரு ஊழியர் எங்களுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காவலுக்கா, காற்றுக்கா என்று தெரியவில்லை. வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் மாப்பிள்ளை எழுந்து நின்றார். கேஸ் சிலிண்டர் வண்டிக்கு ஒருமுறை, ஒரு வெள்ளை ஜீப்புக்கு ஒருமுறை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர்.

சாயங்காலம் ஆகும்போது அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்தார். மெலிந்த, அவசரப்படாத மனிதர். தாசில்தார் வரச்சொன்னது அவரைத்தான். கையுறை மாட்டிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் சிலையைக் கவிழ்த்தார். அடிக்குழியில் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். பின்பக்கத்துச் சரத்தைப் பார்த்தார். பீடத்தின் விளிம்பை விரலால் சுற்றிவந்தார். எங்காவது அறுத்த தடம் உண்டா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கோயில் பீடத்திலிருந்து அறுத்து எடுத்ததென்றால் கதை வேறு. மாப்பிள்ளைக்கு அது புரியாததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. விரல் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நின்றது. அறுத்த தடம் இல்லை.

தாழிக்குள் மணல் இருந்ததா என்று கேட்டார். ஆற்றுமணல் என்றார் மாப்பிள்ளை. மல்லாந்தா, குப்புறவா? மல்லாந்து. அவர் தலையாட்டினார். ஊருக்கு ஆபத்து வந்த காலங்களில் சாமியை மணலில் கிடத்திப் புதைத்துவைப்பது உண்டு என்று தாசில்தாரிடம் சொன்னார். புதைத்தவர்கள் திரும்ப வந்து எடுக்காததும் உண்டு.

கண் திறக்கவில்லையே என்று மாப்பிள்ளை கேட்டார். அந்தக் கேள்வியை அவரால் விட முடியவில்லை.

வந்தவர் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சைச் சிலையின் காதுப்பக்கம் படுக்கைவாட்டில் பிடித்தார். ஒளி கன்னத்தை உரசிக்கொண்டு போனது. வழவழப்பான அந்த மேட்டில், இடது கண்ணின் வால்பகுதியில், மயிரிழை அளவுக்கு ஒரு கோடு எழுந்தது. அதற்கு மேலே இன்னொன்று. டார்ச்சை இம்மி நகர்த்தியதும் பாதி இமையும் பாதி விழியும் தெரிந்தன.

"தெறந்த கண்ணுதான்" என்றார். "தடவித் தடவித் தேஞ்சிருக்கு. உங்க வீட்டுப் புளியில தேஞ்சது இல்ல. அதுக்கு முன்னாலயே பல நூறு வருஷம் பூசையில இருந்திருக்கு."

விளக்கைப் போட்ட பிறகும் எனக்கு அந்தக் கோடு தெரிந்துகொண்டே இருந்தது. காலையில் நான் உருப்பெருக்கியோடு அரைமணி நேரம் பார்த்த முகம் அது. மாப்பிள்ளை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

காலத்தை ஆய்வுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் வந்தவர். எந்தக் கோயிலிலாவது காணாமல்போனதாகப் புகார் இருக்கிறதா என்று பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு நாளாகும். தாசில்தார் மாப்பிள்ளை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினார். புளி போட்டு விளக்கியதும் அதில் இருந்தது. விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வர வேண்டும் என்றார். கைது, வழக்கு என்ற சொற்களை அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அப்பளக் கட்டுகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கினேன். பை இப்போது என் ஒரு கையில் சாதாரணமாக வந்தது.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் தங்கை வாசலுக்கு வந்து பையை வாங்கினாள். வாங்கியதுமே கனத்தில் தெரிந்துகொண்டாள். உள்ளே போய், ஊறவைத்திருந்த புளியில் குத்துவிளக்கை விளக்க உட்கார்ந்தாள். நார் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து, "உங்களயாவது விட்டாவளே" என்றாள் அவரைப் பார்க்காமல்.

மறுநாள் மூன்று நாளிதழ்கள் வாங்கினேன். ஒன்றில் 'பழமையான அம்மன் சிலை கண்டெடுப்பு' என்று இருந்தது. ஒன்றில் செய்தி வரவில்லை. நான் வேலைபார்த்த நாளிதழில் 'ஆசிரியர் வீட்டில் இருந்த சிலை மீட்பு' என்று போட்டிருந்தார்கள். மீட்பு என்பது இரண்டு வகையிலும் சேராத சொல். கிடைத்தவரையும் காட்டாது, பிடிபட்டவரையும் காட்டாது. எழுதியவர் யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும். அல்லது இடத்துக்கு அளவாக மூன்றெழுத்து வேண்டியிருந்திருக்கும். மாப்பிள்ளை போனில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். தெரிந்த வரைக்கும் சொன்னேன். மறுபடியும் கேட்டார்.

ஆடி முடிந்து மழை வந்து, மகள் கல்யாணமும் நடந்தது. விசாரணைக்கு இதுவரை அழைப்பு வரவில்லை. கொத்தனார் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஆணியில், யாராவது வந்து கூப்பிட்டால் உடனே எடுத்துக்கொள்ளத் தோதாக, அதே கட்டைப்பை தொங்கியது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு துண்டு, பல்பொடி, ஒரு மாதத்துக்கான இரத்த அழுத்த மாத்திரை.